நான் போட்ட ஜூஜுவாடி கேட்டு

2-1-1956, திங்கள்

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வாய்ப்பாட்டைச் சுத்தமாக மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள். "ஆறெட்டு?" என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறார்கள். நானும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இந்த நோட்டில் மட்டும் எழுதிவைக்கிறேன்.

தை பதினெட்டாம் தேதி நிச்சயதாம்பூலம் என்று நேற்று பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை அத்திப்பள்ளி, எல்லை தாண்டி மைசூர்ப் பக்கம். பெயர் சம்பங்கி. பெங்களூர் – ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பஸ்ஸுல போனா உங்களுக்கு வாந்தி வருமா?" வராது என்றேன். "அப்ப சரி" என்று மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

4-1-1956, புதன்

பள்ளிக்கூட மேனேஜர் கிருஷ்ணப்பன் ஐயா இன்று வகுப்புக்கே வந்துவிட்டார். பஞ்சாயத்து போர்டு பிரெசிடெண்டு தேர்தலில் நிற்கிறார். இவருக்குப் பச்சைப் பெட்டி. எதிரே நிற்பவர் மளிகைக்கடை கோவிந்தன், அவருக்குச் சிவப்புப் பெட்டி. பொங்கலுக்குப் பெண்கள் கும்மியடிக்க ஒரு பாட்டு வேண்டுமாம். அதில் பச்சைப் பெட்டி வரவேண்டுமாம்.

கிணறு தூர்வாரியது, ஏரிக்கரைப் பாதை போட்டது எல்லாம் எழுதித் தருகிறேன் என்றேன். சிரித்தார்.

"கெணறும் ரோடும் யாருக்கு ஞாபகம் இருக்கும் டீச்சரம்மா? கேட்டவங்க மனசுல ஒரு பயம் உக்காரணும். கையில தாளம் இருக்கணும். ரெண்டும் இருந்தா ஊரே பாடும்."

"என்ன பயம் ஐயா?"

"கோவிந்தன் சம்சாரம் ஆனேக்கல்காரி. மைசூர்ப் பக்கம். ஓசூரு எந்தப் பக்கம் சேரும்னு பேப்பர்ல தினம் அடிச்சுக்கறாங்க. மீதிய நீங்க பாத்துக்குங்க."

பஞ்சாயத்து போர்டு பிரெசிடெண்டு ஒரு ஊரைத் தூக்கி இன்னொரு ராஜ்யத்துக்குக் கொடுத்துவிட முடியுமா என்ன? எனக்குச் சிரிப்புதான் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

7-1-1956, சனி

எழுதிவிட்டேன்! புளியமரத்தடியில் உட்கார்ந்து அரை மணியில்.

ஜூஜுவாடியில் கேட்டு வரும் – அங்கே
சீட்டுக் கேட்டு ஆள் நிற்கும்
தாய்வீட்டுப் பொங்கலுக்கும் – இனித்
தபாலில்தான் நீ வரணும்!

கோவிந்தன் ஜெயித்தால் ஊரை மைசூரோடு சேர்க்கப் பார்ப்பார், சண்டை முற்றி எல்லையிலிருக்கிற ஜூஜுவாடியில் கேட் போட்டுவிடுவார்கள், பெண்ணைக் கொடுத்த இடத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் போகமுடியாது – இப்படி ஐந்து பாட்டு. கடைசியில் "பச்சைப் பெட்டி பார்த்துப் போடு". 'தபாலில்தான் நீ வரணும்' என்ற வரியை நானே ஏழெட்டு முறை பாடிப் பார்த்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது. கர்வம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

9-1-1956, திங்கள்

சாயங்காலம் ஓசூர் போய் கௌஸ் மொய்தீன் பாய் அச்சாபீசில் பாட்டைக் கொடுத்தேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுதும் படித்தார்.

"கேட்டு போடப் போறாங்களாம்மா? எனக்குத் தெரியாதே."

"பாட்டுதானே பாய். சும்மா கற்பனை."

"பாட்டுன்னு நீ சொல்றே. அச்சுக்குப் போனா அது பாட்டா, செய்தியான்னு எழுத்துக்குத் தெரியாது" என்றார். ஆனாலும் நோட்டீசாக அடித்துக் கொடுத்தார். மேனேஜர் ஐயா மேலே 'எச்சரிக்கை!' என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறார். நான் எழுதியதில் அந்தச் சொல் இல்லை.

12-1-1956, வியாழன்

கிணற்றடியில் என் பாட்டு! குடத்தில் தாளம் போட்டுப் பாடுகிறார்கள். யார் எழுதியது என்று ஒருத்திக்கும் தெரியாது. நான் ஒன்றும் தெரியாதவள்போல் தண்ணீர் சேந்திக்கொண்டு வந்தேன். உள்ளுக்குள் ஒரே குதிப்பு.

15-1-1956, ஞாயிறு

மாட்டுப் பொங்கல். பண்ணையிலிருந்து அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். அப்பாவுக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் காளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கொம்பு வர்ணமெல்லாம் சட்டையில்.

ஏரிக்கரையில் நாற்பது பெண்கள் கும்மி. என் ஐந்து பாட்டு ஒன்பதாகிவிட்டது. மாட்டுக்கும் சீட்டு வேண்டுமாம். சீட்டைக் கன்னடத்தில்தான் எழுதவேண்டுமாம். நான் எழுதாததெல்லாம் என் பாட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாதிப் பேருக்கு வீட்டில் பேச்சே கன்னடமும் தெலுங்கும்தான். அவர்களும் சேர்ந்துதான் பாடுகிறார்கள். சிவப்புக் கட்சிக்காரர்களும் சும்மா இல்லை. பச்சைப் பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் 'டொக்'கென்று சத்தம் வரும், யார் போட்டது என்று வெளியே ஆள் குறித்துக்கொள்வான் என்று கிளப்பியிருக்கிறார்கள்.

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

17-1-1956, செவ்வாய்

வளையல்காரர் வந்தார். பாகலூர்ப் பக்கமிருந்து வருகிறார். அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "விஷயம் தெரியுங்களா? ஜூஜுவாடியில கேட்டு வருதாம். மரம் வெட்டியாச்சு, வர்ணம்கூட அடிச்சாச்சாம்" என்றார்.

"யார் சொன்னாங்க?" என்றேன்.

"ஊரே சொல்லுதும்மா!"

புளியமரத்தடியில் நான் செய்த கேட்டுக்குப் பாகலூரில் யாரோ வர்ணம் அடிக்கிறார்கள்.

19-1-1956, வியாழன்

காலையில் கோவிந்தன் சம்சாரம் ருக்மணி அக்கா கிணற்றுக்கு வந்தாள். பேச்சு நின்றது. பாட்டும் நின்றது. ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் மிச்சம்.

"நீயும் போயிடு டீச்சர்" என்றாள். கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "என் பொறந்த வூடு அந்தப் பக்கம். அம்மா படுத்த படுக்கையா கெடக்குது. கேட்டுன்னு ஒண்ணு போட்டா மொதல்ல மாட்டிக்கறவ நான்தான். நான் எதுக்கும்மா கேட்டு போடச் சொல்லப்போறேன்? இதைக்கூட யாரும் யோசிக்கலியே."

நான் யோசிக்கவில்லை அக்கா. எழுதினவளே யோசிக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்துவிட்டு வந்தேன்.

21-1-1956, சனி

அப்பா அத்திப்பள்ளிக்கு ஆள் அனுப்பிவிட்டார். நிச்சயதாம்பூலம் வேண்டாமாம்!

அப்பா எதையும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். படித்ததை விடமாட்டார். கடலை மடித்து வந்த காகிதமானாலும் அச்சில் இருந்தால் அவருக்கு வேதம். என் நோட்டீசை நாலாக மடித்து மடியில் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார்.

"கேட்டு போட்டுட்டா உன்னை நான் எப்படிம்மா பாப்பேன்? ஒரு காய்ச்சல், ஒரு தலைவலின்னா, சீட்டு வாங்கிக்கினா வர முடியும்? இந்தப் பக்கமே ஒரு பையனப் பாக்கலாம். ஊத்தங்கரையில ஒரு எடம் இருக்குது."

கண் கலங்கிச் சொல்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

22-1-1956, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எல்லாம் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அந்தப் பாட்டு நான் எழுதினது. கேட்டும் கிடையாது, சீட்டும் கிடையாது. நானா இட்டுக்கட்டினது."

அப்பா நோட்டீசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நோட்டீசைப் பார்த்தார்.

"நீ எழுதியிருந்தா என்ன? அச்சுல வந்திருக்குதே."

"நான் எழுதிக் குடுத்துத்தான்பா அச்சுல வந்துச்சு!"

"உண்மையில்லாம எப்படிம்மா அச்சுல போடுவாங்க? கண்டக்டரக் கட்டிக்கணும்னு நீ இப்படிச் சொல்றே."

அம்மா உள்ளேயிருந்து, "பாவம், ஆசைப்பட்டுட்டா" என்கிறாள். ஐயோ! எனக்கு அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை. நான் பெற்ற பொய் என்னைவிடப் பெரியவளாகிவிட்டது, என்னையே வாயை மூடு என்கிறது.

24-1-1956, செவ்வாய்

ஆறாம் வாய்ப்பாடு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை.

26-1-1956, வியாழன்

குடியரசு தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்துத் திரும்பினால், காக்கிச் சட்டையோடு சம்பங்கி நிற்கிறார். சைக்கிளில் வந்திருக்கிறார். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, அவரிடமும் சொன்னேன். நான்தான் எழுதினேன் என்று.

முதலில் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு நாளைக்கு நாலு தடவ ஜூஜுவாடியத் தாண்டறேன். எனக்கே ரெண்டு பேரு சொன்னாங்க, 'கண்டக்டர், கேட்டு வருதாமே'ன்னு. நீங்க பலே ஆளுங்க!" அப்புறம் சிரிப்பு நின்றது. "எங்கம்மா ரெண்டு நாளா சாப்பிடல. பொண்ணு வூட்ல நம்மள அன்னியம்னு நெனச்சுட்டாங்கன்னு."

தலை நிமிரமுடியவில்லை எனக்கு.

"சரி வுடுங்க. உங்கப்பாவ என் பஸ்ஸுல கூட்டிக்கினு போய்க் காட்டறேன். கேட்டு இல்லன்னு கண்ணால பாத்தா நம்புவாரில்ல?"

28-1-1956, சனி

நம்பவில்லை.

ஜூஜுவாடியில் சாராயம் கடத்துகிறார்களா என்று பார்க்கிற போலீஸ்காரர் இருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களாம். பக்கத்தில் ஒரு சவுக்குக் கம்பம் கீழே கிடக்கிறதாம். அப்பா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டு, "வெள்ளையம்மா! கம்பம் கொண்டாந்து போட்டுட்டாங்க. எலெக்‌ஷன் முடிஞ்சதும் நட்டுருவாங்க" என்கிறார்.

இல்லாததைக் காட்டப் போனால் இருப்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. அந்தக் கம்பம் எதற்கு என்று கேட்டீர்களா அப்பா என்றேன். "கேட்டா சொல்லுவாங்களா?"

29-1-1956, ஞாயிறு

இன்று நடந்ததை மெதுவாக எழுதவேண்டும்.

காலையில் அப்பாவைக் கௌஸ் பாய் அச்சாபீசுக்கு அழைத்துப்போனேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்க்க என்று சொல்லி. (ஊத்தங்கரை மாப்பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டு வந்தார். இன்னொரு பொய்! இதுவே கடைசி.) பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கே கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவை எழுத்துப் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். "திம்மராயன் அண்ணே, உங்க பண்ணையில எத்தனை காளை?"

"இருபத்தி நாலு."

பாய் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தார். மை தடவினார். காகிதத்தை வைத்துக் கைப்பிடியை இழுக்க அப்பாவையே விட்டார். அப்பா இழுத்தார். ஈரம் காயாத காகிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டினார்.

"எச்... எச்சரிக்கை. மத்திகிரிப் பண்ணையின் இருபத்து நான்கு காளைகளுக்கும்... வருகிற மாதம் முதல்... கன்னடம்... கற்பிக்கப்படும். தேறாத காளைகள்... ஒரே வகுப்பில்... நிறுத்தப்படும்."

அப்பா நிமிர்ந்தார். "நம்ம காளைங்களுக்கா?"

மறுபடி ஒருமுறை படித்தார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஸ்டூலிலிருந்து விழாத குறை. கண்ணீர் வழியச் சிரித்தார். பாயும் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன். சிரித்து முடித்து, மடியிலிருந்து அந்தப் பழைய நோட்டீசை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ரெண்டும் ஒரே எழுத்தும்மா" என்றார்.

திரும்பும் வழியில் ஊர் எல்லை வந்ததும் நின்று, "கோவிந்தன் சம்சாரம் என்னா பாடுபட்டிருக்கும்" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார். நிச்சயதாம்பூலத்தைப் பற்றி அப்புறம்தான்.

31-1-1956, செவ்வாய்

காளை நோட்டீசை அப்பா பண்ணையில் வேடிக்கைக்குக் காட்டியிருக்கிறார். மூன்று பேர் நம்பிவிட்டார்கள். ஒருவர், "வாத்தியாரு நம்ம ஜனமா, வெளியூரா?" என்று கேட்டாராம்.

3-2-1956, வெள்ளி

கிருஷ்ணப்பன் ஐயாவின் கடைசிக் கூட்டம். பள்ளிக்கூட மைதானம். ஓசூரிலிருந்து லால் பாஷாவின் மைக் செட். பாட்டை நானே மேடையில் பாடவேண்டும் என்றார் மேனேஜர். சரி என்றேன். வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் ஏறினேன்.

முதல் பாட்டைப் பாடினேன். முன்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். நிறுத்தினேன்.

"இது நான் எழுதின பாட்டு. கேட்டு வரும்னு எங்கிட்ட யாரும் சொல்லல. நானா கட்டினது. பொய். கோவிந்தன் அண்ணன் வூட்டு அக்காவுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. யாருக்கு வேணும்னாலும் ஓட்டுப் போடுங்க. ஆனா கேட்டுக்குப் பயந்து போடாதீங்க."

மைக் மட்டும் கிய்ய்ங் என்றது.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். மைக்கை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, பெருமூச்சு விட்டு, "டீச்சரம்மாவுக்கு என்னா நெருக்கடியோ!" என்றார். அவ்வளவுதான். ஜனங்கள் 'ஆ'வென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

6-2-1956, திங்கள்

ஓட்டு. எங்கள் மூன்றாம் வகுப்பில்தான் பெட்டிகள். எனக்குக் கை கூசவில்லை. எதில் போட்டேன் என்று இங்கேகூட எழுதமாட்டேன். பெட்டி 'டொக்'கென்று சத்தம் போடவில்லை.

7-2-1956, செவ்வாய்

கிருஷ்ணப்பன் ஐயா அறுபத்து மூன்று ஓட்டில் ஜெயித்துவிட்டார். தட்டில் லட்டோடு வகுப்புக்கு வந்தார். சீட்டைக் கிழிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"உக்காருங்க டீச்சரம்மா. உங்களால எழுபது ஓட்டு கூடுச்சு."

"நான் பொய்னு சொன்னேனே ஐயா!"

"அதாலதான்! 'பாவம், வயசுப் பொண்ணு, சிவப்புக் கட்சிக்காரன் மெரட்டிப் பொய்னு சொல்ல வெச்சுட்டான். அப்ப கேட்டு நெசம்தான்'னு ஊரே பேசிக்கிச்சு."

லட்டு என் கையில். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். லட்டை முப்பத்தியிரண்டு துண்டாகக் கிள்ளி அவர்களுக்கே கொடுத்தேன்.

அப்படியானால் நான் ஏறியது எதற்கு? பேசாமல் இருந்திருந்தால் இவர் தோற்றிருப்பாரோ?

8-2-1956, புதன்

கடையடைக்கிற நேரத்தில் ருக்மணி அக்கா வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு போனதெல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. அழுதுவிட்டேன்.

"எதுக்குடி அழுவுறே? தோத்தவ நானு" என்றாள். ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டாள். "ஊரு நம்பலன்னா போவட்டும். அத்தனை பேருக்கு முன்னால எம்பேரச் சொல்லி இவளுக்குச் சம்பந்தமில்லன்னு ஒருத்தி நின்னா. எனக்கு அது போதும்." கோவிந்தன் அண்ணன் உள்ளேயிருந்து, "டொக்குச் சத்தம் எங்காளுங்க கெளப்பினதும்மா. நானும் யோக்கியனில்ல" என்றார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

கிணற்றடியில் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டதாம். தேர்தல் முடிந்ததும் கேட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வெயில் எப்போது வரும் என்று பேசுகிறார்கள்.

12-2-1956, ஞாயிறு

அப்பா தானே அத்திப்பள்ளிக்குப் போய் அந்த அம்மாவிடம் கைகூப்பிவிட்டு வந்தார். வைகாசியில் கல்யாணம்.

25-5-1956, வெள்ளி

நேற்று கல்யாணம். கௌஸ் பாய் பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழை. மாப்பிள்ளை பெயர் 'சம்பளங்கி' என்று விழுந்துவிட்டது. அச்சில் வந்துவிட்டதே, இனி அதுதான் பெயர் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

17-6-1956, ஞாயிறு

அம்மாவைப் பார்த்துவிட்டு சாயங்காலம் அத்திப்பள்ளி திரும்பினேன். அவருடைய பஸ்தான். ஓசூரில் ருக்மணி அக்காவும் ஏறினாள். ஆனேக்கலில் அவளுடைய அம்மா எழுந்து உட்காருகிறாளாம். ஒரே சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"டீச்சர், அடுத்த தேர்தலுக்கு நான் நிக்கட்டுமா?"

"நில்லு அக்கா!"

"பாட்டு எழுதித் தருவியா?"

"தருவேன். ஆனா நெசம் மட்டும்தான் எழுதுவேன்."

அக்கா ஒரு உருண்டை சாதத்தை மென்று விழுங்கும்வரை யோசித்தாள். "அப்ப தோத்துடுவேன்டி" என்றாள்.

இரண்டு பேரும் போட்ட சிரிப்பில் முன்னாலிருந்து அவர் திரும்பிப் பார்த்து, என்ன என்று புருவத்தால் கேட்டார். ஒன்றுமில்லை என்று கையாட்டினேன். அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். அவளைப் பற்றி உண்மையாக என்னென்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நிறைய இருக்கிறது. தாளத்துக்குத்தான் இன்னும் அடங்கவில்லை. மூன்று வருஷம் இருக்கிறதே, அடங்கும்.